கோடு வரைக்கும் தண்ணீர்

மெஷின் நின்றபோது லியோன் பல் தேய்த்துக்கொண்டிருந்தான்.

பவளத் தொட்டிக்குப் பக்கத்தில் சுவரில் மாட்டியிருந்த அந்த வெள்ளைப் பெட்டி, பகலென்றும் இரவென்றும் இல்லாமல் விட்டு விட்டு முனகும். பாட்டிலுக்குள் மாட்டிக்கொண்ட வண்டு போல. முனகும்போதெல்லாம் பவளத்துக்கு வேண்டிய உப்பு மெல்லிய குழாய் வழியே தண்ணீருக்குப் போகிறது என்று அர்த்தம். ஆறு வருஷமாகக் கேட்ட சத்தம். அது நின்ற பிறகுதான் வீட்டில் வேறு சத்தமே இல்லை என்று அவனுக்குத் தெரிந்தது.

போய்ப் பார்த்தான். பெட்டியின் சின்னத் திரையில் எழுத்துகள் ஓடின.

'உரிமதாரர் பிரிஸ்காவின் மறைவு பதிவு செய்யப்பட்டுள்ளது. சேவை நிறுத்தப்படுகிறது. பவளத்தை மீட்க அலைவளம் நிறுவன அலுவலர் வருவார். தங்கள் இழப்புக்கு வருந்துகிறோம்.'

வாயில் நுரையோடு அப்படியே நின்று படித்தான். பிறகு போய்க் கொப்பளித்தான்.

மனைவி பிரிஸ்கா இறந்து மூன்று மாதம். நுரையீரலில் ஏதோ காய்ச்சல் என்றார்கள். ஆஸ்பத்திரிக்கு நடந்து போனவள் திரும்பி வரவில்லை. அவன் அழவில்லை. எல்லோரும் அழச் சொன்னார்கள், சரி என்றான். துறைமுகத்தில் எந்தக் கப்பலில் எந்தப் பெட்டி முதலில் ஏற வேண்டும் என்று திட்டம் போடுகிற வேலை அவனுக்கு. பத்தாம் நாள் போய் உட்கார்ந்துவிட்டான். திட்டம் தப்பவில்லை.

காற்றின் கரி கலந்து கடல் புளித்துப் போனதைப் பற்றி ஊரில் யாரும் இப்போது பேசுவதில்லை. பழகிவிட்டது. பவளம் தன் எலும்பைக் கட்டச் சுண்ணாம்பைத் தண்ணீரிலிருந்துதான் எடுக்கும். புளிப்பேறிய கடலில் கட்டக் கட்டக் கரைந்தது. தூத்துக்குடிக்கு எதிரே தீவுகளைச் சுற்றியிருந்த பவளப் பாறைகள் அவன் கல்லூரி முடிப்பதற்குள் சாம்பல் நிறக் கற்களாகிவிட்டன. உயிரோடு மிஞ்சியவை எல்லாம் கண்ணாடித் தொட்டிகளில். தொட்டி வைக்க உரிமம் வேண்டும். உரிமம், மெஷின், உப்பு மூன்றும் அலைவளத்திடம்தான் கிடைக்கும்.

பிரிஸ்காவின் தொட்டி பெரியதல்ல. ஊருக்குப் போகும் சூட்கேஸ் அளவு. நடுவில் ஒரே ஒரு மான்கொம்புப் பவளம். சுண்டுவிரல் அளவில் வந்தது. இப்போது இரண்டு கைகளையும் விரித்து ஏந்தினாலும் அடங்காது. நுனிகள் மட்டும் ஊதா.

மத்தியானம் டெல்பின் வந்தாள். பிரிஸ்காவின் தங்கை. ஒரு வக்கீலிடம் ஜூனியர். கறுப்புக் கோட்டைக் கையில் மடித்துப் பிடித்திருந்தாள். இன்னொரு கையில் தூக்குவாளி.

"அத்தான், சாப்ட்டியளா?"

"ம்."

"என்ன சாப்ட்டிய?"

யோசித்தான்.

"விளங்கிரும். இந்தாங்க, அம்மா வச்ச பாறை மீன் குழம்பு. உப்பு கூடிப்போச்சு. சொல்லிராதிய, சண்டைக்கு வருவா."

அவன் சாப்பிடும்போது அவள் தன் போனில் ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தாள். உதடு மட்டும் அசைந்தது. படித்து முடித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"கேளுங்க. நாம வளக்கலாம், பாக்கலாம், வாரவுகளுக்குக் காட்டலாம். ஆனா நம்மது இல்ல. பவளத்தோட எலும்பு அலைவளத்து உப்பால வளந்தது. அதனால வளந்த அத்தனையும் அவ்வோளுக்குச் சொந்தம். உரிமம் வாங்குனவுக உசுரோட இருக்க வரைக்கும் வீட்ல வச்சிக்கிடலாம். அதுக்குப் பொறவு திருப்பிக் குடுத்துரணும்."

"நான் புருஷன்."

"வீடு வரும், வண்டி வரும். பவளம் வராது." அவள் தொட்டியைப் பார்த்தாள். "அக்கா இந்த வரியைக் கையெழுத்துப் போட்ட பொறவுதான் படிச்சா. படிச்சுட்டு என்ட்ட என்ன சொன்னா தெரியுமா? 'சோறு போட்டேன், அதனால பிள்ளை எனக்குன்னு எவனாவது கேப்பானாட்டி?'ன்னா. நான் அப்ப லா காலேஜ். ஒப்பந்தம்னா ஒப்பந்தந்தான் அக்கான்னு பெரிய மனுஷி மாதிரி சொன்னேன்."

"கொண்டு போய் என்ன செய்வாவ?"

"பொடிச்சு, மரபணுவைப் பதிஞ்சு வச்சுட்டு மிச்சத்தைத் தூக்கிப் போட்ருவாவ. உசுரோட வைக்க இடம் இல்லையாம்."

லியோன் கையைக் கழுவிவிட்டு வந்தான். துண்டில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தான்.

"குடுக்க மாட்டேன்."

டெல்பின் நிமிர்ந்து பார்த்தாள். மூன்று மாதமாக அவன் எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொல்லியிருந்தான். கல்லறைக்குக் கறுப்புக் கல்லா வெள்ளைக் கல்லா என்று கேட்டபோதுகூடச் சரி என்றான்.

"குடுக்காட்டி? மெஷினு இல்லாம அது எத்தனை நாள் நிக்கும்?"

"தெரியல. நிக்க வரைக்கும் இங்க நிக்கட்டும்."

ஆஸ்பத்திரிக் கட்டிலில் பிரிஸ்கா அவனுக்கு இரண்டு வேலை சொல்லிக் கொடுத்திருந்தாள்.

ஒன்று சோதனை. தொட்டித் தண்ணீரைச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் எடுத்து மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். முதலில் நீலமாகும். ஏதோ ஒரு சொட்டில் சட்டென்று மஞ்சளுக்கு மாறும். எத்தனையாவது சொட்டில் மாறுகிறதோ அதுதான் தண்ணீரின் காரம். எட்டு வர வேண்டும். ஏழு வந்தாலும் தப்பு, ஒன்பது வந்தாலும் தப்பு. "அதுக்கு நல்ல தண்ணி, கெட்ட தண்ணியெல்லாம் ரெண்டாம்பட்சம். நேத்து இருந்தது இன்னைக்கும் இருக்கணும். மாறுனாத்தான் செத்துப்போகும்" என்றாள். மூச்சு வாங்கியது அவளுக்கு.

இன்னொன்று டிரம். தூத்துக்குடி வெயிலில் தொட்டித் தண்ணீர் தினமும் ஒரு சொம்பு அளவு ஆவியாகிவிடும். அந்தக் குறையை, பக்கத்தில் முக்காலி மேல் வைத்த நீல பிளாஸ்டிக் டிரம் சொட்டுச் சொட்டாக நிரப்பும். டிரம்மில் சிவப்புப் பெயிண்ட்டால் ஒரு கோடு. "தெனமும் கேன் தண்ணியைக் கோடு வரைக்கும் ஊத்து. கலக்காத" என்றாள். மறுநாளும் சொன்னாள். "கலக்காத, என்ன?"

அவள் அவனிடம் கடைசியாகச் சொன்னது அதுதான். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று முதலில் தோன்றியது. பிறகு எதுவும் தோன்றவில்லை.

மெஷின் நின்ற மறுநாள் சோதித்தான். எட்டு. அதற்கு மறுநாளும் எட்டு. ஒரு வாரம் போனது. எட்டு.

டெல்பின் கோர்ட்டிலிருந்து கூப்பிட்டாள். "என்ன, உங்க நோயாளி எப்பிடி இருக்கா?"

"எட்டு."

"நீங்க?"

"நானும் எட்டுதான்."

அவள் சிரித்தாள். அவன் சொன்னது ஜோக் என்று அவனுக்கே அப்போதுதான் தெரிந்தது.

மெஷின் இல்லாமல் எட்டு எப்படி நிற்கிறது என்று அவன் கேட்டுக்கொள்ளவில்லை. தண்ணீரில் பழைய உப்பு மிச்சம் இருக்கும் என்று நினைத்தான். படித்தது வணிகவியல். மிச்சம் இருப்பு என்றால் அவனுக்குப் புரியும்.

அலைவளத்திலிருந்து போன் வந்தது. தீபன் என்று ஒருவர், கோயம்புத்தூர்ப் பேச்சு. அடுத்த மாதம் வருவதாகவும் வருந்துவதாகவும் சொன்னார். "வாங்க" என்றான் லியோன். தரமாட்டேன் என்பதை நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகாமல் வீட்டைத் துப்புரவு செய்தான். எவன் வந்தாலும் அவள் தொட்டியைப் பார்த்து முகம் சுளிக்கக் கூடாது. கண்ணாடியைத் துடைத்தான். பம்பைக் கழற்றிக் கழுவினான். கடைசியில் டிரம்மைத் தூக்கிப் பார்த்தால் அடியில் ஒரு கை கனத்துக்கு வெள்ளையாக, கெட்டித் தயிர் போல் படிந்திருந்தது. அவனுக்கு ஆச்சரியமாக இல்லை. அந்த ஊர்த் தண்ணீருக்கு அண்டா, குடம், பக்கெட், டீ போடுகிற பாத்திரம் எல்லாவற்றின் அடியும் வெள்ளையாகத்தான் போகும். உப்புக் கறை. பிறந்ததிலிருந்து எல்லா வீட்டிலும் தேய்த்துக் கழுவுவதைப் பார்த்தவன். தேங்காய் நாரைப் போட்டுத் தேய்த்தான். கை வழவழவென்று வழுக்கியது, தோல் காய்ந்து எரிந்தது. சாக்கடையில் ஊற்றினான். டிரம் புதிதுபோல் ஆனது. கோடு வரைக்கும் கேன் தண்ணீர் ஊற்றினான். கலக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஏழு வந்தது. வியாழக்கிழமை ஆறு.

பவளத்தின் ஊதா நுனிகள் வெளுத்தன. கிளைகளில் இரவில் நீளும் பூ இதழ் போன்ற சிறு கைகள் நீளவில்லை. லியோன் வேலைக்குப் போகாமல் தொட்டிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான். ஆக மெஷின் நின்றதன் விளைவு இப்போதுதான் தெரிகிறது என்று நினைத்தான். அலைவளம் சொன்னது சரி. அவர்கள் உப்பு இல்லாமல் இது வாழாது.

தொட்டியின் கீழ் அலமாரியில் முன்வரிசையில் அலைவளத்தின் உப்புக் கரைசல் கேன் ஒன்று பாதி இருந்தது. மூடியால் அளந்து தொட்டியில் ஊற்றினான். காலையில் ஆறு, சாயங்காலம் பத்து. மறுநாள் பயந்து குறைத்தான். ஏழு. கூட்டினான். ஒன்பது. பவளம் சளி கக்கியது. நூல் நூலாகத் தண்ணீரில் தொங்கியது. மூன்று நாள் இப்படியே ஆட்டிவைத்தான். நாலாம் நாள் டெல்பினைக் கூப்பிட்டான்.

"என் கையால சாவுது" என்றான்.

அவள் ஆட்டோவில் வந்து இறங்கினாள். தொட்டியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். இரண்டில் எது மோசம் என்று முடிவு செய்ய முடியாதவள் போல நின்றாள்.

"முதல்ல ஊத்துறதை நிப்பாட்டுங்க. குடிச்சவன் மாதிரி தள்ளாடுது. மெஷினு எப்பிடி ஊத்துமோ அந்த அளவைக் கண்டுபிடிப்போம். குழாய் எங்க போகுது?"

கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தரையில் மண்டியிட்டுத் தலையை அலமாரிக்குள் விட்டாள். போன் வெளிச்சத்தைக் காட்டினாள். நேரம் போயிற்று.

"அத்தான்."

"என்ன?"

"இந்தக் குழாய் தொட்டிக்குப் போகல."

"போகாம?"

"கேனுக்குப் போகுது. வெறுங்கேனா இருந்து ரொம்புன கேன். அதுக்குப் பின்னால இன்னொரு கேன். அதுக்குப் பின்னால... ஏசுவே. இங்க ஒரு கடையே இருக்கு."

எல்லாவற்றையும் வெளியே இழுத்தார்கள். நிரம்பிய கேன்கள் கூடம் முழுக்க நின்றன. ஒவ்வொன்றிலும் பிரிஸ்காவின் கையெழுத்தில் மாதமும் வருஷமும். அவர்கள் கல்யாணத்துக்கு மறுமாதம் தொடங்கி இந்த வருஷம் வரை. மெஷின் இத்தனை வருஷமும் ஒழுங்காக முனகி, ஒழுங்காக உப்பை இறைத்து, அதைக் கேனில் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அலைவளத்தின் கணக்கில் அது பவளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

டெல்பின் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தான். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"மாவட்டத்துலயே நல்லா வளந்த பவளம்னு அவ்வோ அவளுக்கு ஷீல்டு குடுத்தாவளே அத்தான்! நம்ம உப்போட மகிமைன்னு மேடையில பேசுனானே ஒருத்தன். அக்கா முன்வரிசையில இருந்து கை தட்டுனா. நான் பாத்தேன்!"

"என்ட்ட ஏன் சொல்லல?"

சிரிப்பு நின்றது. "மெஷின்ல கை வச்சா குத்தம். உரிமத்துல சாட்சிக் கையெழுத்து நீங்க. தெரிஞ்சா உங்களையும் சேத்துப் பிடிப்பாவ. அதான்."

லியோன் கேன்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"அப்ப எட்டு எங்கயிருந்து வந்துச்சு?"

இருவரும் ஒரே நேரத்தில் முக்காலி மேல் இருந்த டிரம்மைப் பார்த்தார்கள்.

கலக்காத. எதைக் கலக்கக் கூடாது? வெறும் தண்ணீரைக் கலக்கினால் என்ன வரும்? அடியில் ஏதாவது இருந்தால்தானே கலங்கும். அவன் கையைப் பார்த்தான். அன்று வழுக்கிய கை, எரிந்த கை. உப்புக் கறை என்று தேய்த்தான். கேன் தண்ணீருக்கு உப்புக் கறை ஏது?

"அடியில வெள்ளையா ஒண்ணு இருந்துச்சு. தயிரு மாதிரி. கழுவி ஊத்திட்டேன்" என்றான். "அவ வச்சதை நாரு போட்டுத் தேச்சுக் கழுவிட்டேன்."

டெல்பின் அவனைத் திட்டவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றாள்.

"சுண்ணாம்பு" என்றாள்.

"என்ன?"

"கீழூர்ல எங்க பழைய வீட்டை இடிச்சோம்லா? அந்தக் காலத்துச் சுவரு. முழுக்கக் கடல்ல வெட்டுன பவளக் கல்லு. அக்கா அந்தக் கல்லைப் பூராம் சூளைக்கு அனுப்பிச் சுட்டுச் சுண்ணாம்பாக்கி வாங்கிட்டு வந்தா. எதுக்குட்டின்னு அம்மா கேட்டா. வெள்ளையடிக்கன்னா. அடுக்குமாடி வீட்ல எந்தச் சுவத்துக்கு வெள்ளையடிப்பா? எங்க பரண்ல பெயிண்ட் வாளில இன்னும் இருக்கு. காத்துப் பட்டா வீணாப் போயிரும்னு மூடியைச் சுத்தி டேப்பு ஒட்டி வச்சிருக்கா. மாசா மாசம் வந்து ஒரு டப்பா எடுத்துட்டுப் போவா. அதுக்குப் பொறவு எங்கம்மை கேக்கவே இல்ல."

வாளி ஒரு மணி நேரத்தில் வந்தது. மூடியைத் திறந்தால் மாவு போல வெள்ளை. டிரம்மின் அடியில் போட்டு, தண்ணீரை ஓரமாக மெல்ல விட்டான். முதலில் பாலாகக் கலங்கியது. விட்டுவிட்டார்கள். சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கும்போது வெள்ளை அடியில் இறங்கியிருந்தது. மேலே கண்ணாடி போல் தெளிந்த தண்ணீர். சுண்ணாம்பு எவ்வளவு கரைய முடியுமோ அவ்வளவுதான் கரையும், மிச்சம் அடியில் காத்திருக்கும். நாளைக்குப் புதுத் தண்ணீர் ஊற்றினால் மறுபடி அதே அளவு. அளக்க வேண்டியதில்லை, மெஷின் வேண்டியதில்லை. கலக்கினால்தான் ஆபத்து. கட்டி கட்டியாகப் போய்த் தொட்டியைச் சுட்டுவிடும்.

முதல் வாரம் ஏழு. அடுத்த வாரமும் ஏழு. பிறகு ஒரு நாள் எட்டாவது சொட்டில் நீலம் மஞ்சளானது. நுனிகளில் ஊதா திரும்பியது. லியோன் வேலைக்குப் போனான். வரும் வழியில் மீன் வாங்கி வந்து தானே குழம்பு வைத்தான். அவன் வைத்ததிலும் உப்பு கூடிப்போனது.

தீபன் சொன்ன நாளில் வந்தார். முப்பது வயதிருக்கும். கையில் குளிர்பெட்டி, நிறுவனச் சட்டை. செருப்பை வாசலில் கழற்றி ஓரமாக வைத்தார்.

"சார், உங்க இழப்புக்கு..."

"மெஷின்ல படிச்சேன். உக்காருங்க."

டெல்பின் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தாள், கோட்டோடு. தீபன் தொட்டியைப் பார்த்து நின்றுவிட்டார். மெஷின் நின்று ஒன்றரை மாதம். செத்த பவளத்தை எடுத்துப் போகத்தான் வந்திருந்தார். குளிர்பெட்டிக்குள் தண்ணீர்கூட இல்லை, காலிப் பைகள்தான்.

"இது எப்படிங்க உசுரோட இருக்கு?"

"இஷ்டம் இருக்கு, இருக்கு" என்றான் லியோன். "நான் தர மாட்டேன். நேர்ல சொல்லணும்னு வரச் சொன்னேன்."

"சார், என் மேல கோவப்படாதீங்க. எனக்கு ஒப்பந்தப்படி..."

"ஒப்பந்தப்படியே பேசுவோம்" என்றாள் டெல்பின். "உங்க உப்பால வளந்த பகுதி உங்களுக்கு. அப்பிடித்தான எழுதியிருக்கிய? அதைக் காட்டுங்க."

தீபனுக்கு அது சுலபமான வேலை. அலைவளத்தின் உப்பில் ஓர் அடையாளப் பொருள் கலந்திருக்கும். அந்த உப்பால் கட்டிய எலும்பை அதற்கென்று உள்ள விளக்கின் கீழே வைத்தால் செம்மஞ்சளாக ஒளிரும். "ஒரு கிளையை மட்டும் அடியிலிருந்து நுனி வரைக்கும் எடுத்துப் பார்க்கணுங்க" என்றார். லியோன் தலையசைத்தான். தீபன் பக்குவமாக ஒடித்தார், மேல் சதையைத் தூரிகையால் கழுவினார், சன்னலை மூடி விளக்கைப் போட்டார்.

அடியில் ஒரு கட்டைவிரல் அகலத்துக்குச் செம்மஞ்சள். தணல் மாதிரி.

அதற்கு மேல் ஒன்றும் இல்லை. வெறும் வெள்ளை எலும்பு. ஒரு சாண் நீளத்துக்கு ஒளியே இல்லை.

தீபன் விளக்கைத் தட்டிப் பார்த்தார். மறுபடி காட்டினார். நுனிக்குச் சற்றுக் கீழே, நூல் கனத்தில், இன்னொரு செம்மஞ்சள் கோடு மின்னியது.

லியோனுக்கு அதைப் படிக்கத் தெரிந்தது. அடியில் இருப்பது அவள் ஒப்பந்தத்தைப் படிக்கும் முன்பு வளர்ந்தது. நடுவில் நீளமாக இருப்பது அவள். நுனியில் நூல் கனத்தில் இருப்பது தான், பயந்துபோய்க் கேனைத் திறந்த அந்த நாட்கள்.

"ஆறு வருஷம்..." என்றார் தீபன். "உப்பு போயிருக்குன்னு எங்க கணக்கு சொல்லுதுங்களே."

"போச்சு. கேனுக்குப் போச்சு" என்றான் லியோன். எழுந்துபோய்ப் படுக்கையறைக் கதவைத் திறந்து காட்டினான். கேன்கள் வரிசையாக நின்றன. "எல்லாம் பத்திரமா இருக்கு. போறப்ப எடுத்துட்டுப் போங்க."

தீபன் வெளியே போய்ப் போனில் நெடுநேரம் பேசினார். திரும்பி வந்தபோது முகம் வேர்த்திருந்தது. "மேல பேசிட்டேனுங்க. மெஷின்ல கை வச்சதுக்கு உரிமதாரர் மேல வழக்குப் போடுவோம்னு சொல்றாங்க."

"போடுங்க" என்றான் லியோன். "சம்மனை எங்க குடுப்பிய? கல்லறைத் தோட்டத்துலயா? மூணாவது வரிசை. வெள்ளைக் கல்லு."

டெல்பின் சற்று முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். "வழக்குன்னா எனக்குச் சந்தோசந்தான். கோர்ட்ல முதல் கேள்வி நான் கேக்குதேன். உங்க உப்பு இல்லாம இது இவ்வளவு எப்பிடி வளந்துச்சுன்னு. பதிலை நாங்க சொல்லுவோம். எல்லா பேப்பர்லயும் வரும். மேல இருக்கவுகட்ட இதையும் கேட்டுட்டு வாங்க."

தீபன் மறுபடி வெளியே போனார். இந்த முறை சீக்கிரம் வந்தார்.

"அடியும் நுனியும் எங்களோடதுங்க. அதை விட முடியாதுன்னுட்டாங்க. ஆனா நடுவை மட்டும் எப்படித் தனியாப் பிரிக்கிறது? முழுசாத்தான் எடுக்கணும்." அவர் குரலே அவருக்குப் பிடிக்காதது போல் இருந்தது.

"ஏன் பிரிக்க முடியாது?" என்றான் லியோன்.

இழுப்பறையில் பிரிஸ்காவின் குறடு இருந்தது. எலும்பு வெட்டுகிற குறடு, துருப்பிடிக்காதது. எடுத்து வந்தான். சட்டைக் கையை மடித்துவிட்டான்.

"அத்தான், வேண்டாம். அக்கா பவளம்" என்றாள் டெல்பின். கோட்டுக்குள் இருந்த வக்கீல் போய்விட்டிருந்தாள்.

"சார், அது செத்துப்போயிருமுங்க."

"சாகாது. கடல்ல புயல் இதைத்தான் செய்யும். உடைக்கும், உடைஞ்சது விழுந்த இடத்துல முளைக்கும். புயல்தான் அதோட விவசாயின்னு சொல்லுவா."

சொன்னானே தவிரக் கை தண்ணீருக்கு மேல் அப்படியே நின்றது. நேற்று இருந்தது இன்றைக்கும் இருக்க வேண்டும் என்றுதான் இத்தனை நாளும் நடத்தினான். அவள் பழைய செருப்பு வாசலில் அவள் கழற்றிய இடத்தில்தான் கிடந்தது. அவள் பக்கத்துத் தலையணையை அவன் தொட்டதில்லை.

கையை உள்ளே விட்டான். அடிக்குச் சற்று மேலே குறட்டை வைத்து அழுத்தினான். சத்தம் கையெலும்பு வழியாகக் காதுக்கு வந்தது.

பிறகு நிறுத்தவில்லை. பவளத்தை வெளியே எடுத்து, தொட்டித் தண்ணீர் நிறைத்த தட்டில் வைத்துக் கிளை கிளையாக வெட்டினான். தீபன் ஒடித்த கிளையை அளவாக வைத்துக்கொண்டான்; செம்மஞ்சள் நூலுக்குக் கீழே ஒவ்வொரு நுனியும் உதிர்ந்தது. ஒரு முறை முனை விரலைக் கிழித்தது. உப்புத் தண்ணீர் காயத்துக்குள் இறங்கியது. எரிந்தது. அவன் கையை இழுக்கவில்லை. எரியட்டும் என்று வைத்திருந்தான். பல மாதமாக எதுவும் இப்படி எரிந்ததில்லை. கண்ணில் வழிந்ததைத் தோளில் துடைத்துக்கொண்டு அடுத்த கிளையைப் பிடித்தான்.

"இது உங்க அடி" என்று பாறையோடு எடுத்து வைத்தான். "இதெல்லாம் உங்க நுனி. விளக்கு போட்டுப் பாத்து எடுத்துக்கிடுங்க. மிச்சத்துல உங்க உப்பு இருந்தா காட்டுங்க."

தீபன் விளக்கைப் போட்டுப் பார்த்தார். மிச்சத்தின் வெட்டு முனைகளில் எதுவும் ஒளிரவில்லை.

"மிச்சம் எதுல வளந்ததுங்க?"

"எங்க வீட்டுச் சுவத்துல" என்றாள் டெல்பின்.

தீபன் கேன்களைப் பல நடையாக ஆட்டோவில் ஏற்றினார். கடைசியில் நுனிகளை எடுக்க வந்தவர் உலர்ந்த பையை எடுத்து விரித்தார். கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். பிறகு அந்தப் பையில் தொட்டித் தண்ணீரை மொண்டு, நுனிகளை ஒவ்வொன்றாக உள்ளே இறக்கி, காற்றுப் பிடித்துக் கட்டினார். பொடிக்கப் போகிற பொருளுக்குத் தண்ணீர் தேவையில்லை. டெல்பின் பார்த்தாள். லியோனும் பார்த்தான். போகும்போது அவர் முக்காலி மேல் இருந்த டிரம்மையும் சிவப்புக் கோட்டையும் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

தட்டில் மீதியிருந்த துண்டுகளை டெல்பின் எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டாள்.

"ஒண்ணை எடுக்க வந்தான். ஒரு தோட்டத்தைப் போட்டுக் குடுத்துட்டுப் போயிட்டான். அத்தான், இதுக்கு எதுக்கும் உரிமம் கிடையாது, தெரியும்லா? அவ்வோ உப்பு இல்லாததுக்கு அவ்வோ எப்பிடி உரிமம் கேப்பாவ?"

"மாடி வீட்டு டீச்சர் ஒண்ணு கேப்பாவ" என்றான் லியோன். "துறைமுகத்துல ரெண்டு பேரு. சுண்ணாம்பு காணுமா?"

"பரண்ல மூணு வாளி கிடக்கு. அதுக்குப் பொறவு ஊர்ல இடிக்க வீடா இல்ல?"

பழைய சுவரின் கல் துண்டுகள் சில வாளிக்குள் சுடாமல் கிடந்தன. ஒவ்வொரு துண்டின் மேலும் ஒரு பவளக் கொம்பைப் பசையால் நட்டார்கள். முதலில் நட்டதை லியோன் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் தண்ணீரோடு வைத்து டெல்பினிடம் நீட்டினான்.

"எனக்கா? நான் ரோசாச்செடியையே கொன்னவ."

"உனக்குத்தான்."

சமையலறையிலிருந்து ஒரு காலி டிரம்மை எடுத்து வந்தான். அடியில் சுண்ணாம்பைப் போட்டான். சிவப்புப் பெயிண்ட் இல்லை. கிழிந்த விரலில் இன்னும் ரத்தம் கசிந்தது. அதைப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று மார்க்கர் பேனாவைத் தேடி எடுத்துக் குறுக்கே ஒரு கோடு இழுத்தான்.

"கோடு வரைக்கும் தண்ணி ஊத்து" என்றான். செருமிக்கொண்டான். "கலக்காத, என்ன?"